கலுங்கின் உயரம்

கண்ணு, இன்றைக்கு ஒரு புதுமாதிரிக் கணக்கு போடப் போகிறோம். தாளும் பென்சிலும் எடுத்து வைத்துக்கொள். ஒரு காலி பிளாஸ்டிக் பாட்டிலும் வேண்டும். அது எதற்கு என்று பிறகு சொல்கிறேன்.

போன விடுமுறையில் ஐந்தாம் வகுப்புச் சுட்டிப் பெண் ஒருத்தி என்னிடம் கேட்டாள். “மாமா, எம்.எல்.ஏ. என்றால் ரிப்பன் வெட்டுகிறவர்தானே? மற்ற நாளெல்லாம் அவர் என்ன செய்வார்?”

எவ்வளவு அருமையான கேள்வி! பெரியவர்கள் பலருக்குக் கேட்கவே தோன்றாத கேள்வி. இதற்குப் பதில் தேடிப் போனால் வண்டல் வரும், மிளகாய் வரும், தண்ணீரின் பலம் வரும். அதனால்தான் இதை நம் அறிவியல் பக்கத்துக்குக் கொண்டுவந்தேன்.

முதலில் ஒரு வகுத்தல். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் சுமார் 7 கோடியே 21 லட்சம் பேர். அவர்களில் பாதிக்கும் சற்று மேலானவர்கள் கிராமங்களில் இருப்பவர்கள். சட்டமன்றத் தொகுதிகள் 234. வகுத்துவிட்டாயா? ஒரு தொகுதிக்குச் சராசரியாக 3 லட்சம் பேருக்கும் மேல் வருகிறார்கள்.

இத்தனை பேரும் சென்னைக்குப் போய், செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் உள்ள சட்டமன்றத்தில் உட்கார முடியுமா? முடியாது. உன் வகுப்பில் மின்விசிறி ஓடவில்லை என்றால் நாற்பது பேரும் தலைமையாசிரியர் அறைக்குள் ஓடுவீர்களா? வகுப்புத் தலைவி ஒருத்திதான் போவாள். ஆனால் சும்மா போகமாட்டாள். எந்த மின்விசிறி, எத்தனை நாளாக ஓடவில்லை, அதற்கு நேர் கீழே உட்காருகிறவர்கள் யார் யார் என்று கேட்டுக்கொண்டு போவாள். அப்படிக் கேட்டுக்கொண்டு போவதுதான் அந்த வேலையில் பெரிய பகுதி.

சரி, இப்போது வரைபடத்தை விரி. ராமநாதபுரம் மாவட்டத்தைத் தேடு. அங்கே நான்கு தொகுதிகள்: பரமக்குடி, திருவாடானை, ராமநாதபுரம், முதுகுளத்தூர். திருவாடானையின் மேல் விரலை வை. கிழக்கே கடல். தொண்டி அங்கேதான் இருக்கிறது. விரலை மேற்கே நகர்த்து. நெல்வயல், மிளகாய்க் காடு, கண்மாய்கள். ஒரே தொகுதிதான். ஆனால் கடலோரத்தில் ஓர் உலகம், உள்ளே வேறோர் உலகம்.

கடற்கரை ஊரில் கேட்டால், “மீன் இறங்குதளம் வேண்டும், கரையை அலை அரிக்கிறது, தூண்டில் வளைவு வேண்டும்” என்பார்கள். தூண்டில் வளைவு என்பது கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் அணை. அலை மண்ணை அள்ளிக்கொண்டு போவதை அது தடுக்கும். கடலை விட்டு உள்ளே இருக்கும் ஊர்ப் பக்கம் வந்தால் மிளகாய்க்கார அக்கா, “எங்களுக்கு உலர்களம் போட்டுக் கொடுங்கள்” என்பார்.

உலர்களமா, அது என்ன பெரிய விஷயம் என்று நினைக்கிறாயா? ராமநாதபுரத்து முண்டு மிளகாயைப் பார்த்திருக்கிறாயா? நீளமாக இருக்காது. கோலிக்குண்டு மாதிரி உருண்டையாக இருக்கும். 2023இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நன்றாகக் காய்ந்த முண்டு மிளகாய் ஒன்றைக் காதருகே வைத்து ஆட்டிப் பார். உள்ளே விதைகள் கலகலவென்று பேசும். சரியாகக் காயாவிட்டால் பேசாது. ஈரம் உள்ளே தங்கிவிட்டால் பூஞ்சை பிடிக்கும். சில பூஞ்சைகள் உடம்புக்கு ஆகாத நஞ்சைச் சுரக்கும். வெறும் மண்ணில் காயவைத்தால் அடிப்பக்கம் ஈரம் ஏறும், தூசியும் ஒட்டும். உலர்களத்தின் சிமென்டுத் தளம் வெயிலில் சூடாகும். மிளகாய் மேலேயும் காயும், கீழேயும் காயும். பார், ஒரு சிமென்டுத் தளத்துக்குள் எவ்வளவு அறிவியல்!

இதையெல்லாம் சென்னையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர் எப்படி அறிவார்? யாராவது அந்த மிளகாயைக் கையில் எடுத்து ஆட்டிப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டும்.

இதுவரை புரிகிறதா? புரிந்தால் கண்மாய்க்குப் போவோம்.

தமிழ்நாட்டில் ஏரி, கண்மாய் எல்லாம் சேர்த்துச் சுமார் 39,000 என்பார்கள். திருவாடானைத் தொகுதிப் பக்கம் ஆர்.எஸ்.மங்கலத்தில் ஒரு பெரிய கண்மாய் இருக்கிறது. ‘நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடைக் கண்மாய்’ என்று அந்தப் பக்கத்து மக்கள் சொல்வார்கள். ஒரு நாரைகூட ஒரே மூச்சில் பறந்து கடக்க முடியாத அகலம் என்று பொருள். மடை என்பது வயலுக்குத் தண்ணீர் திறக்கும் வாய். நாற்பத்தெட்டு வாய்கள் உள்ள கண்மாய் என்றால் எவ்வளவு பெரியது என்று நீயே நினைத்துப் பார்.

நாம் ஒரு சின்னக் கண்மாயை எடுத்துக்கொள்வோம். தண்ணீர் நிற்கும் பரப்பு 20 ஹெக்டேர். ஏறக்குறைய 50 ஏக்கர். ஒவ்வொரு மழைக்கும் வரத்துக்கால் வழியாகத் தண்ணீரோடு மண்ணும் வருகிறது. தண்ணீர் வயலுக்குப் போய்விடுகிறது. மண் அடியில் தங்கிவிடுகிறது. இதுதான் வண்டல். உன் பள்ளிக்கூட அளவுகோல் 30 சென்டிமீட்டர் இருக்குமே, அந்த உயரத்துக்கு வண்டல் சேர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்.

பென்சில் எடு. 20 ஹெக்டேர் என்றால் 2,00,000 சதுர மீட்டர். அதை 0.3 மீட்டரால் பெருக்கு. 60,000 கன மீட்டர் வரும். ஒரு கன மீட்டரில் 1,000 லிட்டர் பிடிக்கும். அப்படியானால் 6 கோடி லிட்டர்! 12,000 லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரிகளை வரிசையாக நிறுத்தினால் 5,000 லாரி. அளவுகோல் உயரத்து மண் 5,000 லாரித் தண்ணீரின் இடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.

“மாமா, மண்ணும் தண்ணீரைக் குடித்து வைத்திருக்குமே?” என்று கேட்கிறாயா? சபாஷ்! கொஞ்சம் வைத்திருக்கும். ஆனால் அந்தத் தண்ணீர் மடை வழியாக வயலுக்கு வராது. பயிருக்கு அது இல்லாத மாதிரிதான்.

ஆகவே ஊரார் எம்.எல்.ஏ.விடம் மனு கொடுக்கிறார்கள். “எங்கள் கண்மாயைத் தூர்வாரித் தாருங்கள்.” இப்போது அவர் என்ன செய்ய வேண்டும்? மண்வெட்டியை எடுத்துக்கொண்டு இறங்க வேண்டுமா? இல்லை. முதலில் அவர் கேட்க வேண்டிய கேள்வி, “இந்தக் கண்மாய் யாருடையது?” என்பது.

ஒரு கண்மாய் பாசனம் தரும் நிலத்தை ஆயக்கட்டு என்பார்கள். ஆயக்கட்டு 40 ஹெக்டேரும் அதற்கு மேலும் இருந்தால் அந்தக் கண்மாய் அரசின் நீர்வளத் துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தால் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. அதாவது இரண்டு கதவு. தவறான கதவைத் தட்டினால் மனு, நூல் அறுந்த பட்டம் மாதிரி அலுவலகம் அலுவலகமாக அலைந்துகொண்டே இருக்கும். அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். மழை வந்து கண்மாய் பெருகிய பிறகு தூர்வார முடியாது. இன்னொரு வருஷம் போயிற்று. சரியான கதவைக் காட்டிக்கொடுப்பது சின்ன உதவியாகத் தெரியலாம். ஒரு போக நெல்லையே அது காப்பாற்றும்.

இப்போது கதை இன்னும் சுவையாகப் போகிறது. கவனி.

கண்மாய்கள் தனித்தனியாக இருப்பதில்லை. சங்கிலி மாதிரி இருக்கும். மேல்கண்மாய் நிறைந்தால் உபரித் தண்ணீர் கலுங்கு வழியாக வழியும். ‘மறுகால் போகிறது’ என்பார்கள். அந்தத் தண்ணீர்தான் கீழ்க்கண்மாய்க்கு வரத்து. கலுங்கு என்பது கரையில் கல்லால் கட்டிய தாழ்ந்த இடம். அதன் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நிற்கும்.

மழை குறைந்த வருஷம். மேலூர்க்காரர்கள் கவலைப்படுகிறார்கள். குத்துக்கற்களுக்கு நடுவே மணல் மூட்டை அடுக்கிக் கலுங்கை ஒரு சாண் உயர்த்திவிடுகிறார்கள். அவர்கள் கண்மாயில் கூடுதல் தண்ணீர் நிற்கும். தப்பா? அவர்கள் பயிரும் வாடக்கூடாதே. ஆனால் கீழூர்க்காரர்களுக்கு மறுகால் வரவில்லை. அவர்கள் நாற்று கருகுகிறது. அவர்களும் அழுகிறார்கள்.

இரண்டு ஊரும் ஒரே தொகுதி. எம்.எல்.ஏ. இரண்டு ஊருக்கும் பிரதிநிதி. நீயாக இருந்தால் என்ன செய்வாய்? ஒரு நிமிஷம் படிப்பதை நிறுத்திவிட்டு யோசி.

யோசித்தாயா? “எந்த ஊரில் அதிகம் பேரோ அவர்கள் பக்கம்” என்று சொல்லத் தோன்றுகிறதா? அங்கேதான் நம் பாட்டில் வருகிறது. எடு அதை.

பெரியவர் ஒருவரை உடன் வைத்துக்கொண்டு, பாட்டிலில் மேலே, நடுவே, அடியில் என்று மூன்று துளை போடு. ஒரு ஸ்டூலின் விளிம்பில் வைத்து, துளைகளை விரலால் மூடித் தண்ணீர் நிரப்பு. இப்போது விரல்களை எடு. மேல் துளையில் தண்ணீர் சோம்பலாக விழும். அடித்துளையில் பீய்ச்சி அடிக்கும். (பாட்டிலைத் தரையில் வைத்துச் செய்யாதே. அடித்துளைத் தண்ணீர் தூரம் போவதற்குள் தரையில் விழுந்துவிடும், நீ ஏமாந்துபோவாய்.) ஆழம் கூடக்கூடத் தண்ணீரின் அழுத்தம் கூடுகிறது. கண்மாய்க் கரை மேலே ஒல்லியாகவும் அடியில் பருமனாகவும் ஏன் இருக்கிறது என்று இப்போது தெரிகிறதா?

இன்னும் ஒரு கணக்கு. கரையோரம் 2 மீட்டர் ஆழத்துக்குத் தண்ணீர் நின்றால், கரையின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் அது 2 டன் எடைக்குச் சமமான பலத்தோடு தள்ளும். ஆழம் 3 மீட்டர் ஆனால்? 3 டன் என்று நினைப்பாய். இல்லை, நாலரை டன்! ஆழம் ஒன்றரை மடங்கு, தள்ளுவதோ இரண்டே கால் மடங்கு.

மணல் மூட்டையோடு நிறைந்து நிற்கும் கண்மாய்க்கு மேல் இரவில் திடீரென்று பெருமழை கொட்டினால் என்ன ஆகும்? கலுங்கு வழியாகப் போக வழி போதாது. தண்ணீர் கரை மேல் ஏறும். மண்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். ஓர் இடத்தில் உடைத்துக்கொள்ளும். அப்போது மேலூரில் தண்ணீர் இல்லை, கீழூரில் வீடு இல்லை.

அதனால், கண்ணு, கலுங்கு எவ்வளவு உயரம் இருக்கலாம் என்பதைக் கை தூக்கச் சொல்லி எண்ணித் தீர்மானிக்க முடியாது. கரையின் பலம், மழையின் அளவு, கலுங்கின் அகலம் இதெல்லாம் பார்த்துப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பொறியாளர் மட்டும் போதுமா? வரத்துக்கால் எந்த இடத்தில் சீமைக்கருவேல மரத்தால் அடைபட்டிருக்கிறது, எந்த மடை ஒழுகுகிறது என்பது அங்கே தினமும் நடக்கிறவர்களுக்குத்தான் தெரியும். என்னைக் கேட்டால், நல்ல எம்.எல்.ஏ. இரண்டு ஊர்ப் பெரியவர்களையும், பெண்களையும், பொறியாளரையும் அந்தக் கரையின் மேலேயே ஒன்றாக நிறுத்திப் பேசவைப்பார். அறைக்குள் பேசினால் கோபம்தான் பெரிதாகும். கரை மேல் நின்றால் அடைபட்ட வரத்துக்கால் எல்லோர் கண்ணிலும் படும். பல சமயம் சண்டைக்குக் காரணம் கலுங்காக இருக்காது, மேலே அடைபட்ட வரத்துக்காலாக இருக்கும். அதைத் திறந்துவிட்டால் இரண்டு கண்மாய்க்கும் தண்ணீர் வரும்.

அந்த வேலைக்குப் பணம் வேண்டுமே? இப்போதுதான் சென்னைப் பயணம்.

சட்டமன்றம் கூடும் நாளில் பேரவைத் தலைவர் முதலில் ஒரு திருக்குறளைப் படித்துப் பொருள் சொல்வார். பிறகு கேள்வி நேரம். அவையில் உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்று அரசமைப்புச் சட்டம் சொல்கிறது. 234இல் பத்தில் ஒரு பங்கு 23.4. ஒருவரை 0.4 ஆக வெட்ட முடியாதே! அதனால் குறைந்தது 24 பேர். அந்த எண்ணிக்கை இல்லாவிட்டால் உன் பள்ளிக்கூடம் மாதிரியே மணி அடித்து உறுப்பினர்களைக் கூப்பிடுவார்கள்.

கேள்வியை எழுதி முன்கூட்டியே கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு நடை உண்டு. “இன்ன வட்டம், இன்ன ஊராட்சியில் உள்ள கண்மாயைத் தூர்வாரி, வரத்துக்காலைச் சீரமைக்க அரசு முன்வருமா?” இந்த ‘அரசு முன்வருமா’ என்ற இரண்டு வார்த்தை எத்தனை ஊர்களின் தாகத்தைச் சுமந்துகொண்டு அந்த மண்டபத்துக்குள் போயிருக்கும்! அமைச்சர் எழுந்து பதில் சொல்வார். சில நேரம் “பணி தொடங்கப்படும்” என்பார். சில நேரம் “நிதிநிலைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்” என்பார்.

உடனே துணைக்கேள்வி கேட்கலாம். அங்கேதான் நாம் போட்ட கணக்கு உதவும். “தண்ணீர் கஷ்டமாக இருக்கிறது” என்று பொதுவாகச் சொன்னால் அது காற்றோடு போகும். “அளவுகோல் உயரத்துக்கு வண்டல், 6 கோடி லிட்டர் இழப்பு, இத்தனை ஏக்கர் தரிசு” என்று சொன்னால் அது அவைக் குறிப்பில் ஏறும். அமைச்சரின் பதிலும் ஏறும். அடுத்த கூட்டத்தொடரில் அந்தக் குறிப்பைக் காட்டி, “சொன்னீர்களே, ஆயிற்றா?” என்று கேட்கலாம்.

பணம் வேறொரு வழியாகவும் வரும். தமிழ்நாட்டில் ஒவ்வொரு எம்.எல்.ஏ.வுக்கும் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அவர் பையில் அது வராது. இன்ன வேலை செய்யலாம் என்று அவர் பரிந்துரைப்பார். மாவட்ட ஆட்சியர் அனுமதி கொடுப்பார். உலர்களம், நிழற்குடை, நியாயவிலைக் கடைக் கட்டடம் இப்படி.

3 கோடி பெரிய தொகைதான். ஆனால் தொகுதியில் எத்தனை பேர்? 3 லட்சம். வகுத்துப் பார். ஆளுக்கு, ஒரு முழு ஆண்டுக்கு, 100 ரூபாய். நல்ல மாம்பழம் வாங்கப் போனால் அவ்வளவும் தீர்ந்துபோகும். அதனால்தான் எதை முதலில் செய்வது என்று முடிவெடுப்பது அவ்வளவு சிரமம். தொண்டிப் பக்கம் கேட்கிறார்கள், மிளகாய்க் காட்டில் கேட்கிறார்கள், இரண்டும் நியாயம்.

இங்கே என் மனசில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். பெரிய ஊர்க்காரர்கள் வேன் பிடித்து வந்து மனு கொடுப்பார்கள். நாற்பது வீடு உள்ள ஒரு குடியிருப்பு இருக்கும். அங்கே எல்லோரும் விடிகாலையிலேயே கூலி வேலைக்குப் போய்விடுவார்கள். மனு எழுத ஆள் இருக்காது. அந்த ஊர்ப் பிள்ளைகள் பேருந்துக்காகச் சேற்றில் நடப்பது யார் கணக்கிலும் வராது. கூப்பிடாத அந்த ஊருக்குத் தானாகப் போகிற எம்.எல்.ஏ.வை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

இன்னொரு வேலை உண்டு, அது ‘சட்டமன்ற உறுப்பினர்’ என்ற அவர் பெயரிலேயே இருக்கிறது: சட்டம் இயற்றுவது. 2007இல் தமிழ்நாட்டில் ஏரிகளைக் காக்கவும் அவற்றில் உள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றவும் ஒரு சட்டம் வந்தது. நீர்வளத் துறையின் பொறுப்பில் உள்ள ஏரிகளை அளந்து எல்லை குறிக்க அதில் வழி இருக்கிறது. ஒரு கண்மாய்க்காகக் கேட்ட கேள்வி ஒரு கண்மாயைக் காக்கும். சட்டம் ஆயிரக்கணக்கான கண்மாய்களைத் தொடும்.

எம்.எல்.ஏ. ஆக எத்தனை வயதாக வேண்டும்? 25. உனக்கு இப்போது 11 என்றால் இன்னும் 14 வருஷம். ஊராட்சி உறுப்பினர் ஆக 21 போதும். ஆனால் வேடிக்கை பார்க்க வயதே இல்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் ஊராட்சிகளில் கிராமசபை கூடும். அடுத்த கூட்டத்துக்கு உன் பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு போய் ஓரமாக உட்கார். யார் எதைக் கேட்கிறார்கள், அது தீர்மானப் புத்தகத்தில் ஏறுகிறதா என்று கவனி. எம்.எல்.ஏ. கையில் எடுத்துப் போகும் மனுவோடு கிராமசபைத் தீர்மானம் ஒன்றும் இருந்தால், அந்த மனுவின் பேச்சுக்குத் தனி எடை.

திரும்பி வரும் வழியில் உன் ஊர்க் கண்மாய்க் கரையில் நட. தண்ணீருக்குள் இறங்காதே, பெரியவர் துணையோடு கரையிலேயே நில். கலுங்கில் எத்தனை குத்துக்கற்கள் நிற்கின்றன? எத்தனை சாய்ந்துவிட்டன? நடுவே மணல் மூட்டை இருக்கிறதா? எண்ணி, இந்த மாமாவுக்கு ஒரு கடிதம் எழுது. எந்த ஊர், எந்தக் கண்மாய் என்று மேலே குறிப்பிட மறந்துவிடாதே.